முதல் பொருள் இரங்கல், நான்காம் பொருள் நீக்கம்

அன்பு மாறாத என் தங்கை ஸ்டெல்லாவுக்கு,

இந்தக் கடிதத்தை உன் பெயருக்கு எழுதுகிறேன். நம் அடுக்ககத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன். "யாருக்குண்ணா பேசறீங்க, எனக்கா, அவங்களுக்கா?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. இரு தரப்பாருக்கும்தான். நீ சற்றே பொறுத்திரு. மேடைப் பழக்கம் விடவில்லை. முதலில் அவையை விளித்துவிடுகிறேன்.

ஆற்றோரம் அடுக்ககத்தின் அறுபது வீட்டுப் பெருமக்களே! விடியும்முன் தொழிற்சாலைப் பேருந்துக்கு ஓடும் தோழர்களே! வேலூருக்குப் பணிக்குச் செல்லும் செவிலியர்களே! ஜோலார்பேட்டையில் வண்டிக்குக் கொடியசைத்துவிட்டு வந்து பகலில் உறங்கும் நண்பரே! நேற்று உங்கள் கதவிடுக்கில் ஒரு தாள் செருகப்பட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்குழுவின் நிகழ்ச்சிநிரல் அது. முதல் பொருள்: மறைந்த மேலாளர் ஸ்டெல்லா அவர்களுக்கு இரங்கல். நான்காம் பொருள்: செயற்குழு உறுப்பினர்களுக்கான ஏழு நாள் பயிற்சி விதியை நீக்குதல்.

ஒரே தாள். ஒரே கையொப்பம். முதல் பொருளுக்குத் தலைகுனிந்து எழுந்து நிற்பீர்கள். கால்மணி நேரம் கழித்து, அவள் விட்டுச்சென்ற ஒரே செல்வத்தை அழிக்கக் கைதூக்குவீர்கள். இடைவேளையில் தேநீரும் வடையும் உண்டாம். இதுவே என் முறையீடு. இதை உங்களிடம் சொல்வதற்குமுன் அவளிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

தங்கையே, நீ மறைந்து மூன்று மாதம் ஆகிறது. உன் படம் அலுவலகச் சுவரில் இருக்கிறது. மாலை வாடியதும் மாற்றுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

உன்னை நாங்கள் மேலாளராக அமர்த்திய நாளில் நான் சங்கத் தலைவன். ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில், தையல் வரிசை ஒன்றுக்குப் பொறுப்பாளராகப் பல்லாண்டு இருந்தவள் நீ. கட்டட மேலாண்மை தெரியுமா என்று கேட்டோம். "தெரியாது சார். ஆனா எது எனக்குத் தெரியாதுன்னு தெரியும்" என்றாய். செயலாளர் சிரித்துவிட்டார். அந்த விடையின் எடையை உணர எனக்கு ஓராண்டு பிடித்தது.

எனக்கு என்ன தெரிந்திருந்தது? பேசத் தெரிந்திருந்தது. நாற்பது ஆண்டு மேடைகளில் நின்றவன். ஆற்காட்டில் பேசினால் ஆற்றின் அக்கரையில் கேட்கும் என்பார்கள். என்னைத் தலைவனாக்கியவர்களும் அதற்காகவே ஆக்கினார்கள். அறுபது வீடுகளில் ஒருவர்கூட, நீரேற்றி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியுமா எனக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையை இங்கே எழுத வேண்டும். எழுதக் கூசுகிறது, ஆயினும், புதிதாக வந்த செயற்குழுவினர் அதை என் வாயால் கேட்டதில்லை.

முன் கட்டடத்து மின்தூக்கி பாதி வழியில் நின்றுவிடுகிறது என்று நீ அதை நிறுத்தி, கதவருகே ஒரு சிவப்பு அட்டையைக் கட்டியிருந்தாய். வேலூரிலிருந்து பழுதுபார்ப்பவர் திங்களன்று வருவார் என்று என்னிடம் சொன்னாய். நான் தலையாட்டினேன். பொதுக்குழு ஞாயிறு பத்து மணிக்கு, வண்டி நிறுத்துமிடத்தில். தேவாலயம் முடிந்து பதினொன்றுக்கு வருகிறேன் என்றாய்.

கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நாலு நாளா லிஃப்ட் ஓடல, வயசானவங்க இன்னா பண்ணுவாங்க?" என்றார். நான் ஒலிவாங்கியைப் பற்றினேன். பற்றினால் எனக்கு என்ன ஆகும் என்பது உனக்குத் தெரியும். முதியோரின் முழங்கால்களைப் பற்றிப் பேசினேன். மக்களாட்சியைப் பற்றிப் பேசினேன். இறுதியில் கையை உயர்த்தி, "இன்றே ஓடும்! இப்போதே ஓடும்! இது உங்கள் தலைவனின் வாக்கு!" என்று முழங்கினேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

வாயிலில் நின்ற காவலர் ஏழுமலை அதைக் கேட்டார். தலைவரே சொல்லிவிட்டார் என்று போய், சிவப்பு அட்டையை அவிழ்த்து, மின்விசையைப் போட்டுவிட்டார். முழங்கால் அறுவை முடிந்து வந்திருந்த நூர்ஜஹான் அம்மா ஏறினார். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் அது நின்றது.

ஓடினேன். ஓடிப்போய் என்ன செய்தேன்? கதவின் முன் நின்று பேசினேன்! "அஞ்சாதீர்கள் அம்மா! நாங்கள் இருக்கிறோம்! துணிவே துணை!" என்று நான் தொடங்க, உள்ளிருந்து குரல் வந்தது:

"தலைவரே, பேச்ச அப்பறமா பேசுங்க. மொதல்ல ஸ்டெல்லாவக் கூப்புடுங்க. நிக்க முடில, ஒரே பேஜாரா இருக்குது."

செயற்குழுவினர் ஏழு பேரும் அங்கே நின்றோம். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கதவை நெம்பலாம் என்றார் ஒருவர். தீயணைப்பு நிலையத்தை அழைக்கலாம் என்றார் மற்றொருவர். அதற்குள் நீ வெள்ளைப் புடவையில், வேதாகமம் கையிலிருக்க, படியேறி வந்தாய். ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு, மொட்டைமாடியிலுள்ள இயந்திர அறைக்குப் போனாய். மின்விசையை அணைத்துவிட்டுக் கைச்சக்கரத்தைச் சுற்றுவதாகவும், பெட்டி தளத்துக்கு நேராக வந்ததும் கீழிருந்து குரல் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனாய்.

"வந்துவிட்டது!" என்று கத்தினேன். அன்று நான் பேசியவற்றுள் யாருக்கேனும் பயன்பட்ட சொல் அது ஒன்றே.

மறுநாள் செயற்குழு கூடியது. ஏழுமலையை வேலையைவிட்டு அனுப்ப வேண்டும் என்று ஆறு பேர் சொன்னார்கள். நான் வாய் திறக்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. இதை ஒப்புக்கொள்வதில் இன்று தயக்கம் இல்லை. ஏழுமலை வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தார். அப்போது நீ எழுந்தாய்.

"எங்க லைன்ல ஒரு பழக்கம் இருக்குது சார். தப்பான பீஸ் வந்துச்சுன்னா லைன நிறுத்திட்டு, எல்லாரும் அத சுத்தி நிப்போம். அத கடைசியா தொட்டவங்கதான் மொதல்ல பேசணும். அவங்க பேசற வரைக்கும் மேனேஜரா இருந்தாலும் வாய் தொறக்கக் கூடாது."

"அப்ப ஏழுமலைய உள்ள கூப்புடு, பேசட்டும்" என்றார் பொருளாளர்.

"ஏழுமலை கை எதனால அங்க போச்சு சார்? மைக்ல சொன்னாங்க, போச்சு. கடைசியா தொட்டது தலைவரோட வாய்."

சம்பளம் வாங்கும் மேலாளர், தலைவனைப் பார்த்து இதைச் சொல்லலாமா? மேடையில் என்னை எதிர்த்துப் பேசியவர்களை எத்தனை முறை மூன்றே சொற்களில் வீழ்த்தியிருக்கிறேன்! அந்தச் சொற்களெல்லாம் நாவின் நுனிக்கு வந்தன. உன் முகத்தைப் பார்த்தேன். அதில் ஏளனம் இல்லை. கையில் ஒரு காலணியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவளைப்போல், தையல் எங்கே விட்டுப்போயிற்று என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அறியாமல் வாக்குக் கொடுத்தேன். தவறு என்னுடையது" என்றேன். என் வாழ்நாளில் நான் ஆற்றிய மிகச் சிறிய உரை அது. ஏழுமலை இன்றும் நம் வாயிலில் இருக்கிறார்.

கூட்டம் முடிந்து எல்லாரும் போனபின் நீ வந்தாய்.

"இன்னாண்ணா, கோவமா?"

"இல்லை அம்மா. வெட்கம்."

"வெக்கம்னா பரவால்ல. கோவம்னா நாளைக்கே என்ன வூட்டுக்கு அனுப்பிடுவீங்க. சரி, காலைல ஆறரைக்கு மேல வாங்க. வேட்டி வேணாம், ஏணி ஏறணும்."

ஏறினேன். அன்று தொடங்கி ஏழு நாள், நாளுக்கொன்றாய்க் கற்பித்தாய். அறுபது குடும்பங்கள் குடிக்கும் நீர்த்தொட்டியின் மூடியை முதன்முறையாகத் திறந்து பார்த்தேன். பின் கட்டடத்து மூன்றாம் தளத்துக்கு ஏன் நீர் மெலிந்து வருகிறது என்று ஈராண்டு மேடைபோட்டு விவாதித்தோமே, குழாயின் திறப்பான், அதாவது வால்வு, பாதி மூடியிருந்தது. நீ முன்பே மும்முறை எழுதிக் கொடுத்திருந்தாயாம். அந்தத் தாள்களின் பின்புறத்தில் நான் சொற்பொழிவுக் குறிப்பு எழுதியிருந்தேன்.

மின்னாக்கியை ஓட்டவும் நிறுத்தவும் கற்றேன். தீக்குழாயைப் பிரித்துச் சுருட்டினேன். என் மனைவி சன்னலில் நின்று சிரித்தாள். இவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டேன். ஆனால் ஆறாம் நாள் இருக்கிறதே, அதை எந்தப் பாவி கண்டுபிடித்தான் என்று கேட்டேன். "நான்தாண்ணா" என்றாய்.

ஆறாம் நாள், மாலையில் ஒரு மணி நேரம், குறை கேட்கும் மேசையில் அமர வேண்டும். வருபவர் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். மறுமொழி கூடாது. விளக்கம் கூடாது. ஆறுதல்கூடக் கூடாது. "அப்புறம்?" என்ற ஒரே சொல்லுக்கு இசைவு உண்டு. முனிரத்தினம் வந்து குளியலறைக் கூரை ஒழுகுவதைப் பற்றிச் சொன்னார். பதினோராம் நிமிடத்தில் நான் பொறுமையின் மேன்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நீ மேசையைத் தட்டினாய்.

"தலைவரே, மறுபடி மொதல்லேர்ந்து."

"இன்னா ஸ்டெல்லா, வாத்தியாருக்கே பரீட்சையா?" என்றார் முனிரத்தினம், மகிழ்ச்சி தாளாமல்.

"நீங்களும் அடுத்த வருஷம் நின்னு ஜெயிச்சு வாங்க சார், உங்களுக்கும் இருக்குது."

நான்கு மாலைகள் தோற்றேன். ஐந்தாம் மாலை, ஒரு மணி நேரம் முழுதும் வாய்மூடி அமர்ந்திருந்தேன். அன்று ஐந்து பேர் வந்தார்கள். ஐவருமே, முதலில் சொன்ன குறையைவிட்டுக் கடைசியில் வேறொன்றைச் சொன்னார்கள். அதுதான் அவர்களின் உண்மையான குறையாக இருந்தது. நாற்பது ஆண்டுகளாக மக்களிடம் பேசியவன், அவர்களின் கடைசி வாக்கியத்தை அன்றுதான் கேட்டேன். இதற்கு உனக்கு எப்படி நன்றி சொல்வேன்? அதன்பின் என் மேடைப்பேச்சு பாதியாய்ச் சுருங்கிவிட்டது. விழாக் குழுவினர் உனக்குத் தனியே கடன்பட்டிருக்கிறார்கள்.

அந்த ஏழு நாளை விதியாக எழுதலாம் என்று முன்மொழிந்தவன் நான். செயற்குழுவுக்கு வரும் எவரும் முதல் முடிவை எடுக்குமுன் மேலாளருடன் ஏழு நாள் பழக வேண்டும் என்று பொதுக்குழு ஏற்றது. தலைவர் என்பவர் ஆணையிடுவதற்கு முன்னால், அந்த ஆணை யார் கையில் போய் விழும் என்று அறிந்திருக்க வேண்டும். இதை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை. உன்னிடம் படித்தேன்.

இனி, நீ அறியாத செய்தி.

புதிய செயற்குழு வந்திருக்கிறது. ஏழு பேரும் நல்லவர்கள், படித்தவர்கள். தலைவர் தினேஷைப் பொறியாளராக உனக்குத் தெரியும். உன் இடத்துக்குக் கஸ்தூரி என்ற பெண் வந்திருக்கிறாள். உன்னைப்போலவே நேரத்தோடு வருகிறாள், குறிப்பேடு வைத்திருக்கிறாள். சென்ற வாரம் நீரேற்றியில் ஏதோ ஓசை கேட்டு அதை நிறுத்தி, சிவப்பு அட்டை கட்டினாள். செயற்குழுவில் ஒருவர் அதை அவிழ்த்து ஓட்டினார். நீரேற்றி சூடேறி நின்றது. ஒரு பகல் முழுதும் அறுபது வீட்டுக்கும் நீர் இல்லை. மாலையில் கூட்டம் போட்டுக் கஸ்தூரியிடம் விளக்கம் கேட்டார்கள். அட்டையை அவிழ்த்தவர் அதே அறையில் அமர்ந்திருந்தார். அவர் பெயரை நான் எழுதமாட்டேன். எழுதுவது அவர் செய்ய வேண்டிய வேலை.

"ஸ்டெல்லா அக்கா சொன்னா கேட்டாங்களாமே சார். நான் சொன்னா யாரு கேக்கறாங்க? நான் வேற வேல பாத்துக்கறேன்" என்றாள் என்னிடம். உன்னுடைய குரலுக்காகக் கேட்டோமா, விதிக்காகக் கேட்டோமா? விதி இருந்தும் அந்த ஏழு பேரில் ஒருவர்கூட இன்னும் ஒரு நாள்கூட வந்து பழகவில்லையே! நானும் அல்லவா வாளாவிருந்தேன்?

நேற்று நிகழ்ச்சிநிரல் வந்ததும் சினத்தோடு தினேஷ் வீட்டுக்குப் போனேன். கதவு திறக்குமுன்பே முதல் மூன்று வாக்கியங்களை வகுத்து வைத்திருந்தேன்.

"வாங்க சார், உக்காருங்க. ஃபேக்டரில இருநூறு பேர பாக்கறவன் நான். எனக்குப் போயி வால்வு திருப்பக் கத்துக் குடுக்கணுமா?" என்றார்.

உள்ளிருந்து அவர் மனைவி ரேகா, செவிலியர், குரல் கொடுத்தார்: "எங்க ஆஸ்பத்திரில பெரிய டாக்டரே வந்தாலும் ஃபயர் ட்ரில் பண்ணித்தான் ஆவணும். இவரு மட்டும் இன்னா ஜாஸ்தியா?"

"நீ கொஞ்சம் சும்மா இரும்மா, சார் எதிர்ல."

வாயைத் திறந்தேன், பிறகு மூடிக்கொண்டேன். "அப்புறம்?" என்றேன்.

தினேஷ் என்னைப் பார்த்தார். அப்புறம் இருக்கத்தான் செய்தது. "சார், ஏழு நாளு தொடர்ச்சியா காலைல ஆறரைக்கு வரணும்னு எழுதி வெச்சிருக்கீங்க. எனக்கு ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்ஸு. கமிட்டில அஞ்சு பேரு ஷிப்டுல போறவங்க. இத எழுதனப்ப கமிட்டில இருந்தவங்க எல்லாம் ரிட்டயர் ஆனவங்க. வேலைக்குப் போறவன் கமிட்டிக்கே வரக்கூடாதுன்னு எழுதின மாதிரி இருக்குது. முடியலன்னு சொல்ல அசிங்கமா இருந்துச்சு. அதான் தூக்கிடலாம்னு சொன்னோம்."

தங்கையே, அவர் சொன்னது சரி. அந்த நேரத்தை எழுதியவன் நான்; விதியின் வாசகத்தை உன்னிடம் காட்டியபோது, "வேலைக்குப் போறவங்களுக்கு ஒத்து வருமாண்ணா?" என்று கேட்டாய். நடை அழகாக வந்திருக்கிறது என்று மகிழ்ந்திருந்த நான், பிறகு பார்க்கலாம் என்றேன். தவறை நான் செய்துவிட்டு, அதற்குத் தண்டனையாக உன் விதியைத் தூக்கில் போடப் பார்க்கிறோம். கல்வி தவறன்று, கடிகாரம்தான் தவறு. திருத்துவோம். ஏழு ஞாயிறாக இருக்கட்டும். பணி முடிந்து வரும் மாலைகளாக இருக்கட்டும். ஒவ்வொருவரும் தமக்கு இயன்ற ஏழைத் தேர்ந்துகொள்ளட்டும். இதை அவரிடம் சொன்னேன். "யோசிக்கிறேன் சார்" என்றார். ரேகா தேநீர் கொண்டுவந்து வைத்து, "யோசிப்பாரு, நான் பாத்துக்கறேன்" என்றார்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது.

சங்கத் தேர்தல் முடிந்த வாரம், வேலூர் மருத்துவமனையில் உன்னைப் பார்க்க வந்தேன். பேச வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நீ கையசைத்து என்னை அருகே அழைத்தாய். "புது கமிட்டிக்காரங்க கத்துக்க வந்தாங்களாண்ணா?" என்றாய். உன் கண்களைப் பார்த்துவிட்டு, "வந்தார்கள் அம்மா, ஏழு பேரும் வந்தார்கள்" என்றேன். "நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டாய். நான் உன்னிடம் சொன்ன ஒரே பொய் அது. ஆறுதல் கூடாது என்று நீ கற்பித்ததை மீறிய ஒரே இடமும் அதுதான். அந்தப் பொய்யோடு நான் உன் படத்தின் முன் இரண்டு நிமிடம் எழுந்து நிற்பது எப்படி?

ஆகவே, பெருமக்களே, உங்களிடம் வருகிறேன்.

செயற்குழுவின் எழுவரே! ஞாயிற்றுக்கிழமை வரை காத்திராதீர்கள். நாளை மாலை ஆறு மணிக்குக் கஸ்தூரி நீரேற்றி அறையின் கதவைத் திறந்து வைத்திருப்பார். வாருங்கள். ஆறு மணிக்கு இயலாதவர், இயலும் வேளையை இந்தத் தாளின் கீழே இன்றே எழுதிவிட்டுப் போங்கள். பொதுக்குழுவின் அறுபது வீட்டாரே! நான்காம் பொருளைச் செயற்குழு திரும்பப் பெறச் செய்யுங்கள். திருத்திய விதியை அந்த இடத்தில் வைக்கச் செய்யுங்கள். கஸ்தூரியிடம் போய், இருங்கள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். இதை இரங்கலுக்கு முன்பு செய்யுங்கள். இரங்கலை அதன்பின் வைத்துக்கொள்வோம்.

தங்கையே, உனக்கு என் உறுதிமொழி: நான் இன்று எந்தப் பொறுப்பிலும் இல்லை. ஆயினும் நாளை மாலை, எட்டாம் ஆளாக அந்தக் கதவருகே நிற்பேன். முதல் நாளிலிருந்து மீண்டும் கற்பேன். ஏழு பேரும் வந்து முடிக்கும்வரை ஒலிவாங்கியைத் தொடமாட்டேன்.

வாருங்கள். நாளை, ஆறு மணி.

நன்றியோடு,
உடன் பிறவாமலே உன்னால் "அண்ணா" என்று அழைக்கப்பட்ட
அறவாழி